ஃபின்லாந்தின் குளிர்காலப் பறவைகள்: எண்ணுவதா, தேடிப் போவதா?

"கூஸமோவா, ஹாங்கோவா, இல்லை வடகோடிக்கே போய்விடலாமா?" ஃபின்லாந்தில் குளிர்காலப் பறவைகளுக்காக நாள் ஒதுக்குகிறவர்கள் பொதுவாக இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். ஊரை முடிவு செய்யும் முன் இரண்டு விஷயங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஒன்று, நோக்கம் எண்ணுவதா, பார்ப்பதா. இன்னொன்று, மாதம்.

எண்ணுவதும் பார்ப்பதும் ஒரே பயணத்தில் ஒத்துப்போகாதவை. எண்ணுகிறவர் பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பாதையில் நடக்க வேண்டும். ஒன்றுமில்லாத இரண்டு கிலோமீட்டரையும் அவர் தவிர்க்கக் கூடாது. பார்க்கப் போகிறவர் நேர் எதிர். அரை மணி நேரம் ஒன்றும் அசையவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் கணக்கும் கெடும், பட்டியலும் குறையும்.

எண்ணுவதில் இரண்டு வழிகள் உண்டு: ஜனவரிக் கடைசியில் வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரக் கணக்கு, அல்லது ஆண்டுதோறும் ஒரே பாதையில் சுமார் 10 கி.மீ. நடக்கும் கணக்கு. தேடிப் போவதில் நடைமுறைக்கு ஏற்றவை மூன்று: தெற்குக் கடற்கரை, வடகிழக்கிலுள்ள கூஸமோ, வடக்கே காமனென் கிராமம் வழியாகச் சென்றடையும் நார்வேயின் வராங்கர் கடலோரம்.

முதலில் மாதம்

டிசம்பர் 21 அன்று ஹெல்சிங்கியில் காலை 9.24க்கு விடிந்து மாலை 3.13க்கு சூரியன் மறைந்துவிடும். கூஸமோவில் பகல் சுமார் 3 மணி நேரம்தான். வடகோடியிலுள்ள உட்ஸ்யோகியில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையோடு லாப்லாந்துப் பறவைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று டிக்கெட் எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நண்பகலின் நீலநிற அரையிருளில் மரத்தின் உச்சியில் இருப்பது பைன் குரோஸ்பீக்கா, பனிக்கட்டியா என்றுகூடத் தெரியாது.

பிப்ரவரிக் கடைசியில் கூஸமோவிலும் 9 மணி நேரத்துக்கு மேல் பகல் கிடைக்கும். மார்ச் நடுப்பகுதியில் தெற்கும் வடக்கும் ஏறக்குறைய 12 மணி நேரத்தில் சமமாகிவிடும். வெளிச்சத்தைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. டிசம்பரில் வாய் திறக்காத காட்டில் அப்போது மரங்கொத்திகள் கொட்டத் தொடங்கும், கிரேட் டிட் பாடும், காற்றில்லாத இரவுகளில் டெங்மால்ம் ஆந்தை கூவும். ஆகவே வடக்கே போவதென்றால் பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் இறுதி வரை என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. டிசம்பரும் ஜனவரித் தொடக்கமும் தெற்குக் கடற்கரைக்கு உரியவை. கடல் உறையும் முன் வாத்துகள் அங்கே தங்கியிருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. பள்ளிகளின் பனிச்சறுக்கு விடுமுறை ஆண்டின் 8, 9, 10ஆம் வாரங்களில் வட்டாரம் வட்டாரமாக வரும். அந்த மூன்று வாரங்களில் கூஸமோவின் பனிச்சறுக்கு மையமான ரூகா பகுதியில் அறைகள் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். மார்ச் நடுவுக்குப் பிறகு தேதி வைத்தால் பணமும் மிஞ்சும், வெளிச்சமும் கூடும்.

எந்த மாதம் என்பதோடு எந்த ஆண்டு என்பதும் சேர்ந்தது. ரோவன் மரத்தில் பழம் நிறைந்த குளிர்காலத்தில் வேக்ஸ்விங், ஃபீல்ட்ஃபேர் கூட்டங்கள் நகரத் தெருக்களிலேயே தங்கிவிடும். பழம் பொய்த்தால் அவை தெற்கே கடந்து போய்விடும். ஸ்ப்ரூஸ் கூம்புகள் காய்த்த ஆண்டில் கிராஸ்பில்கள் பிப்ரவரிப் பனியிலேயே கூடு கட்டும். வயல் எலிகளின் பெருக்கம் 3–4 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்கும். எலி குறைந்த ஆண்டில் ஹாக் ஆந்தையையும் கிரேட் கிரே ஆந்தையையும் நம்பிப் பயணம் வைப்பது வீண். அக்டோபர், நவம்பரில் ஃபின்லாந்துப் பறவை ஆர்வலர்கள் பயன்படுத்தும் 'தீரா' பதிவுத் தளத்தைப் பார்த்தால் அந்த ஆண்டின் போக்கு தெரிந்துவிடும். அதற்குப் பிறகு டிக்கெட் எடுக்கலாம்.

ஒரு மணி நேர முற்றக் கணக்கு

'பிஹபொங்காவுஸ்' என்ற இந்தக் கணக்கை ஃபின்லாந்துப் பறவை அமைப்பான பேர்ட்லைஃப் சுவோமி 2006 முதல் நடத்துகிறது. ஜனவரியின் கடைசி வார இறுதியில், ஏதாவது ஒரு மணி நேரம், ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான முற்றங்களிலிருந்து கணக்கு வந்து சேரும். தனித் திறமை வேண்டியதில்லை. 15 இனங்களை அடையாளம் தெரிந்தால் போதும்.

தவறு நடப்பது விதியில்தான். ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்து கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையையே எழுத வேண்டும். முதலில் 4 கிரேட் டிட், பிறகு 7, கடைசியில் 5 வந்தால் பதிவு 7, கூட்டுத்தொகையான 16 அல்ல. அதே குருவிகள் சூரியகாந்தி விதையை எடுத்துக்கொண்டு போய் மரத்தில் உடைத்துத் தின்றுவிட்டுத் திரும்பத் திரும்ப வருகின்றன. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடத்தில் கண்டதையெல்லாம் எண்ணி இ-பேர்ட் பதிவுத் தளத்தில் ஏற்றிப் பழகியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு மணி நேரக் கணக்குக்குத் தயாரிப்பு மூன்று மாதம் முன்பே தொடங்கும். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ உணவூட்டியைத் தொங்கவிட்டால்தான் ஜனவரிக்குள் பறவைகள் அந்த இடத்தைத் தங்கள் தினசரிச் சுற்றில் சேர்த்துக்கொள்ளும். சூரியகாந்தி விதை, உப்பில்லாத வேர்க்கடலை, விலங்குக் கொழுப்பு உருண்டை ஆகிய மூன்றும் டிட் இனங்களையும் மரங்கொத்தியையும் இழுக்கும். யெல்லோஹாமர் தரையில் கொறிக்கும் பறவை. அதற்கு ஓட்ஸ் தூவ வேண்டும். தொடங்கிவிட்டால் குளிர் முடியும் வரை நிறுத்தக் கூடாது. திறந்த தட்டைவிடக் குழாய் வடிவ உணவூட்டி நல்லது. தட்டில் எச்சம் விதையோடு கலக்கும். 2008க்குப் பிறகு டிரைக்கோமோனோசிஸ் நோயால் கிரீன்ஃபின்ச் பெருமளவில் அழிந்தது. அந்த நோய் பரவும் இடங்களில் அசுத்தமான உணவூட்டியும் ஒன்று. அடுக்ககத்தில் வசிப்பவர்கள் வீட்டுச் சங்கத்தின் விதிகளை முதலில் படித்துவிட வேண்டும். எலித் தொல்லை காரணமாகப் பால்கனியில் உணவூட்டத் தடை இருப்பது வழக்கம். தடை இருந்தால் அருகிலுள்ள பூங்காவில் நின்று எண்ணினாலும் அது கணக்கில் சேரும்.

10 கிலோமீட்டர் பாதை

இருப்பதிலேயே கடினமானது இது. அறிவியலுக்கு அதிகம் பயன்படுவதும் இதுதான். ஃபின்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகமான லுவொமுஸ் நடத்தும் இந்தக் கணக்கு 1956–57 குளிர்காலத்தில் தொடங்கியது. மூன்று பருவங்கள்: நவம்பர் 1–14, டிசம்பர் 25–ஜனவரி 7, பிப்ரவரி 21–மார்ச் 6. மூன்றிலும் நடந்தால் சிறப்பு. ஒன்றுதான் முடியும் என்றால் நடுவிலுள்ள கிறிஸ்துமஸ் பருவம். நாடு முழுக்க மிக அதிகமான பாதைகள் நடக்கப்படுவது அப்போதுதான்.

பாதையை நாமே தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்த பிறகு மாற்றக் கூடாது. பறவை அதிகம் இருக்கும் இடங்களைக் கோத்துப் பாதை போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நான்கு உணவூட்டிகளைத் தொட்டுப் போகும்படி பாதை அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வீட்டுக்காரர் ஊர் மாறிப் போனால், அந்த ஆண்டு கணக்கில் நாற்பது குருவிகள் 'செத்துவிடும்'. உண்மையில் அவை பக்கத்துத் தெருவில் தின்றுகொண்டிருக்கும். வட்டாரத்தில் காடு, வயல், குடியிருப்பு, கரை எந்த அளவில் கலந்திருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவில் பாதையும் இருப்பது நல்லது. பதிவும் வாழிடம் வாரியாகத்தான்: காட்டில் எத்தனை, வயலில் எத்தனை, ஊருக்குள் எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும்.

நவம்பரில் வெறும் தரையில் பாதை போட்டவர்கள் பிப்ரவரியில் தவிப்பார்கள். பனி நீக்கப்படாத காட்டுச் சாலையில் முழங்கால் அளவு பனி என்றால் வேகம் பாதியாகும், பனிக்காலணி இல்லாமல் நடக்கவே முடியாது. வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் "இங்கே பனி நீக்கும் வண்டி வருமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீராக்கிய ஸ்கை தடத்தின் மேல் பூட்ஸோடு நடப்பதும் கூடாது. தடம் கெடும். ஃபின்லாந்துக்காரர்கள் அந்நியரிடம் வலியப் பேசும் அரிய சந்தர்ப்பங்களில் ஒன்று அது! காட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற பொது உரிமை உண்டு. ஆனால் வீட்டு முற்றத்துக்கு அது பொருந்தாது. உணவூட்டியைச் சாலையில் நின்றே எண்ண வேண்டும். யாராவது வெளியே வந்தால், பைனாகுலரை இறக்கிவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

நடைக்கு 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கில் டிசம்பர்ப் பகல் 6 மணி நேரத்துக்குள் என்பதால், விடியும்போது முதல் அடி வைத்தால்தான் முடிக்கலாம். இரண்டு வார அவகாசம் கொடுத்திருப்பது நல்ல நாள் தேர்ந்துகொள்ளத்தான். காற்றில்லாத, பனி பொழியாத நாள் வேண்டும். குளிர்காலக் காட்டில் பாதிப் பறவைகளைக் காதால்தான் கண்டுபிடிக்கிறோம். மரம் இரைகிற காற்றில் கோல்ட்கிரெஸ்ட், ட்ரீகிரீப்பர் ஆகியவற்றின் மெல்லிய குரல் அடங்கிப் போகும். மைனஸ் 20க்குக் கீழும் எண்ண வேண்டாம். பறவைகள் குரலை அடக்கி உணவூட்டிகளில் குவிந்துவிடும், காட்டுப் பகுதி கணக்கு பொய்யாகக் குறையும்.

எண்ணும் முறையில் மூன்று இடங்களில் தடுமாற்றம் வரும். டிட் கூட்டம் முதலாவது. ஒரு வில்லோ டிட் கண்டால் அத்தோடு நகர்ந்துவிடாமல் 5 நிமிடம் நிற்க வேண்டும். பின்னாலேயே கிரெஸ்டட் டிட்டும் கோல்ட்கிரெஸ்ட்டும் ஒரு ட்ரீகிரீப்பரும் வரிசையாக வரும். இரண்டாவது, ரெட்போல் கூட்டம். பிர்ச் மரத்திலிருந்து 80 பறவைகள் எழும்பினால் ஒவ்வொன்றாக எண்ண நேரம் இருக்காது. முதல் பத்தை எண்ணி, அந்தப் பரப்பைக் கண்ணால் கூட்டத்தின் மேல் எத்தனை முறை வைக்கலாம் என்று பார்ப்பதே நடைமுறை. மூன்றாவது, காகமும் மேக்பையும். இவை முன்னும் பின்னும் பறந்துகொண்டே இருப்பதால், முன்னால் பறந்து போனவற்றைக் குறித்துக்கொண்டு அடுத்த அரை கிலோமீட்டரில் கழித்துவிட வேண்டும். வில்லோ டிட்டை மார்ஷ் டிட்டிலிருந்து பிரித்தறியும் தலைவலி மட்டும் இங்கே கிடையாது. மார்ஷ் டிட் ஃபின்லாந்துக்கு அரிய விருந்தாளி.

உள்நாட்டுப் பாதையில் 15–20 இனம் கிடைத்தால் அது சாதாரண நாள். ஒரு கிலோமீட்டர் முழுக்க ஒரு பறவையும் இல்லாமல் போவதும் சாதாரணம்தான். அந்தச் சுழியமும் தரவு. வில்லோ டிட் குறைந்துவருவது இப்படிப்பட்ட நீண்ட காலக் கணக்குகளில் வெளிப்படையாகத் தெரிகிறது. 2019இல் வந்த ஃபின்லாந்துச் செம்பட்டியலில் (ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியல்) அது அருகிவரும் இனம். பழைய காடுகள் வெட்டப்பட்டதும் கூட்டுக்கு வேண்டிய மக்கிய மரங்கள் குறைந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

எனவே இந்தப் பாதைக் கணக்கு யாருக்கு? குறைந்தது ஐந்தாறு ஆண்டுகள் அதே ஊரில் இருப்போம் என்று ஓரளவு உறுதி உள்ளவர்களுக்கு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்திருப்பவர் புதிய பாதை தொடங்குவதைவிட, ஏற்கெனவே நடக்கும் ஒருவரோடு துணைக்குப் போவது மேல். ஹெல்சிங்கி வட்டாரத்தில் 'டிரிங்கா' சங்கம் போல ஒவ்வொரு வட்டாரத்திலும் பறவைச் சங்கம் உண்டு. இரண்டாவது ஜோடிக் கண்ணையும் காதையும் மறுப்பவர்கள் குறைவு. ஒரே குளிர்காலத்தில் குரல்கள் பழகிவிடும்.

தெற்குக் கடற்கரை

செலவும் சிரமமும் குறைந்த பயணம். ஹெல்சிங்கியிலேயே வந்தா ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள அருவி குளிரிலும் ஓடும். அங்கே டிப்பர் குளிர்காலத்தைக் கழிக்கும். பக்கத்தில் வீக்கி நாணல்காட்டு மரப்பாதையில் பியர்டட் டிட் பார்க்க வாய்ப்புண்டு. பேருந்தில் போய் மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம். நாள் முழுவதும் ஒதுக்க முடிந்தால் நாட்டின் பெருநிலப்பரப்பின் தென்முனையான ஹாங்கோ. ரயிலில் போனால் கார்யாவில் மாற வேண்டும். வெண்வால் கழுகு, கோல்டன்ஐ, கூஸாண்டர், லாங்-டெய்ல்ட் டக் ஆகியவை எதிர்பார்க்கக் கூடியவை. குளிர்காலம் மிதமாகிவருவதால் டஃப்டட் டக், கோல்டன்ஐ, கூஸாண்டர் மூன்றும் முன்பைவிடப் பெருமளவில் ஃபின்லாந்துக் கடலிலேயே தங்குகின்றன. இங்கே பைனாகுலர் மட்டும் போதாது. வாத்துகள் தொலைவில் மிதக்கும், டெலஸ்கோப் அவசியம்.

கடல் உறைந்துவிட்டால் ஹாங்கோவை விட்டுவிடுங்கள். பறவைகள் ஆற்று முகத்துவாரங்களிலும் கப்பல் தடங்களிலும் ஒடுங்கிவிடும். அவற்றை நெருங்கிப் பார்க்கப் பனிக்கட்டி மேல் இறங்குவதுதான் உயிராபத்து. நீரோட்டம் உள்ள இடத்தில் பனிக்கட்டி எப்போதும் மெலிந்தே இருக்கும். நல்ல கெட்டிப் பனிக்கட்டி 10 செ.மீ. இல்லாமல் கால் வைக்க வேண்டாம். வைத்தாலும் கழுத்தில் பனிக்குத்தூசி (நீரில் விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி மேலேறும் கூர்முனைப் பிடிகள்) தொங்க வேண்டும்.

கூஸமோ

முதல் முறை வருபவருக்கு, ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால், கூஸமோதான் எங்கள் தேர்வு. ஹெல்சிங்கியிலிருந்து விமானம் உண்டு. வாடகைக் கார் கட்டாயம். முழுதாக மூன்று நாள் தேவை. இரண்டு நாள் வைத்து அதில் ஒன்று பனிப்புயலில் போனால் பயணமே போச்சு.

காலை வேளையை உணவூட்டும் இடங்களுக்கு ஒதுக்குங்கள். பைன் குரோஸ்பீக்கும், ரெட்போல் கூட்டத்தில் கலந்து வரும் வெளிறிய ஆர்க்டிக் ரெட்போலும் விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் மும்முரமாகத் தின்னும். நடுப்பகலில் ஓடும் நீர். யூமாவில் மைலிகோஸ்கி அருவி உறையாமல் ஓடும், டிப்பர் அங்கே மூழ்கி எழுவதைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். குளிர்காலத்தில் ஃபின்லாந்தில் காணும் டிப்பர்களில் பல நார்வேயிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வருபவை என்பது பறவைகளின் காலில் வளையமிட்டுக் கண்காணித்ததில் தெரிந்தது. பிற்பகலில் பழைய ஸ்ப்ரூஸ் காடு. சைபீரியன் ஜேயைத் தேடி அலைய வேண்டாம். நடைபாதையில் நெருப்பு மூட்டும் குடில்களில் உட்கார்ந்து ரொட்டி தின்றால் அதுவே விசாரிக்க வரும். பட்டை உரிந்து கீழே பனிமேல் சிதறிக் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள், த்ரீ-டோட் மரங்கொத்தியாக இருக்கும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டிய பறவை சைபீரியன் டிட். கூஸமோவில் அது இப்போது மிக அரிது. அதுவே முக்கியம் என்பவர் இன்னும் வடக்கே போக வேண்டும்.

கோல்டன் ஈகிளைப் படமெடுக்க நாம் ஒளிந்திருக்கும் மறைவிடங்கள் தனிக் கணக்கு. இருட்டோடு உள்ளே போய் இருட்டிய பிறகுதான் வெளியே வரலாம். ஒரு முழு நாள் அதற்கே போய்விடும். நல்ல கேமரா வைத்திருப்பவருக்கு அது தகும். பட்டியலுக்காக வருபவருக்குத் தகாது. ஆந்தைக்குப் பதிவுக் குரலை ஒலிக்கவிடவும் வேண்டாம். இனப்பெருக்கம் தொடங்கும் நேரம் அது. காற்றில்லாத இரவில் சாலையோரம் எஞ்சினை நிறுத்திவிட்டு 10 நிமிடம் காது கொடுத்தால், டெங்மால்ம் ஆந்தை இருந்தால் தானே கேட்கும்.

மைனஸ் 25இல் முதலில் மக்கர் செய்வது கருவிகள்தான். மலிவான பைனாகுலரில் ஃபோகஸ் சக்கரத்தின் கிரீஸ் இறுகித் திருப்ப முடியாமல் போகும். உதிரி பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்க வேண்டும். அறைக்குத் திரும்பும்போது பைனாகுலரையும் கேமராவையும் வெளியிலேயே பையில் போட்டு மூடி, உள்ளே இரண்டு மணி நேரம் திறக்காமல் வைக்கவும். இல்லாவிட்டால் கண்ணாடிமேல் நீர் படியும், மறுநாள் அது உறையும். கார் ஜன்னலைத் திறந்து டெலஸ்கோப் வைத்தால் உள்வெப்பம் வெளியேறிப் படம் நடுங்கும். ஹீட்டரை நிறுத்திக் கொஞ்சம் ஆறவிடவும். கைக்கு மெல்லிய கம்பளிக் கையுறை, அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறை. காலுக்கு ஒரு அளவு பெரிய பூட்ஸ். இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். சாலையில் கலைமான்கள் கூட்டமாக நிற்கும், ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் நான்கு வரும் என்று நினைத்தே ஓட்டுங்கள்.

காமனென், வராங்கர்

இவலோவில் இறங்கி இனாரி, காமனென், உட்ஸ்யோகி வழியாக நார்வேக்குள் போய் வாட்சோ, வார்டோ வரை செல்லும் பாதை. குறைந்தது 5 நாள். காமனென் வட்டார உணவூட்டிகளில் பைன் குரோஸ்பீக்கும் சைபீரியன் டிட்டும் கிடைக்க வாய்ப்பு கூஸமோவைவிட அதிகம். எல்லை தாண்டினால் ஸ்டெல்லர்ஸ் ஈடர் வாட்சோ துறைமுகத்திலேயே மிதக்கும். கிங் ஈடரும் இந்தக் கடலில் உண்டு. மார்ச்சில் வார்டோவிலிருந்து ஹோர்னோயா தீவுக்குப் படகு தொடங்கும், கில்லமாட் கடற்பறவைகள் பாறைகளுக்குத் திரும்பியிருக்கும்.

இடறும் இடங்கள்: கடலோர மலைச் சாலைகள் புயலில் மூடப்படும். இல்லையேல் பனி நீக்கும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். ஒரு நாளை உபரியாக வைக்காமல் திரும்பும் விமானத்தை முடிவு செய்யக் கூடாது. வாடகைக் காரை எல்லை தாண்ட அனுமதி வாங்குங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். நார்வே நேரம் ஃபின்லாந்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். வார்டோவோ கிழக்கே வெகு தொலைவில் இருக்கிறது. ஆகவே அங்கே மார்ச்சில் காலை 11 மணியை ஒட்டியே சூரியன் உச்சிக்கு வந்துவிடும். ஹோட்டலில் 9 மணிக்குக் காலை உணவு முடித்துக் கிளம்புபவர் பகலில் ஒரு நல்ல பகுதியைத் தொலைத்திருப்பார். முந்தின இரவே ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபின்லாந்துக்கு இரண்டாவது, மூன்றாவது முறை வருபவருக்கு வராங்கர் தகும். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் முதல் முறையே இதை எடுக்க வேண்டாம்.

ஓலு நகரில் வசிப்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். கூஸமோ அங்கிருந்து 215 கி.மீ. அளவுதான். விமானமும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம். வானிலை பார்த்து வெள்ளிக்கிழமை மாலை முடிவு செய்யலாம். எலி பெருகிய ஆண்டில் லிமிங்கா பக்கத்து வயல்களை மாலை வெளிச்சத்தில் ஒரு சுற்று வந்தால், கிரேட் கிரே ஆந்தைக்காக மற்றவர்கள் செலவழிக்கும் பணம் முழுவதும் மிச்சம். அவர்கள் ஜனவரியில் முற்றக் கணக்கு, பிப்ரவரிக் கடைசியில் பாதைக் கணக்கு, மார்ச்சில் கூஸமோ என்று மூன்றையும் ஒரே குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். கணக்கு நாளன்று மட்டும் ஆந்தை தேடி வழி மாறக் கூடாது.